சிப்பாயா, ஆபீசரா: இரண்டு வாசலிலும் நுழைந்தவன் சொல்வது

பிளஸ் டூ ரிசல்ட் வந்த சில நாட்களில் எங்கள் ஊரில் யாராவது ஒரு தகப்பனார் மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவார். வேலூர் வட்டாரத்தில் இது புதிதல்ல. கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே அழைக்கிறார்கள். சுற்றுவட்டாரத்திலும் தாத்தா, அப்பா, பேரன் என்று பட்டாளத்துக்குப் போன குடும்பங்கள் உண்டு. கேள்வி எப்போதும் ஒன்றுதான்: இன்றைய சிப்பாய் வேலையான அக்னிவீருக்கு எழுதுவதா, டிகிரி முடித்து ஆபீசர் தேர்வுக்குப் போவதா? பையன் வாயைத் திறக்க மாட்டான். பதிலையும் தகப்பனாரே சொல்லிவிடுவார். “முதலில் உள்ளே போய்விடட்டும் சார். போனபிறகு ஆபீசர் ஆகிக்கொள்ளலாம். நீங்கள் ஆகவில்லையா?”

நான் ஆனேன் என்பது உண்மைதான். 1990களில் மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் சிப்பாயாகச் சேர்ந்து, வெலிங்டனில் பயிற்சி முடித்து, சில ஆண்டுகள் கழித்து ஆர்மி கேடட் காலேஜ் வழியாக ஆபீசராகி, லெப்டினன்ட் கர்னலாக விருப்ப ஓய்வு பெற்றேன். ஆனால் என்னை உதாரணமாகக் காட்டி இன்றைய பையனை அனுப்புவது சரியில்லை. அன்றைய கணக்கு வேறு.

அன்று சிப்பாயாகச் சேர்ந்தவனுக்குப் பதினைந்து ஆண்டு சேவை முடிந்தால் பென்ஷன். நாற்பது வயதுக்குள் ஊர் திரும்பலாம். கேன்டீன் கார்டு இருக்கும், மருத்துவ வசதி இருக்கும், முன்னாள் படைவீரர் ஒதுக்கீட்டில் இரண்டாவது வேலைக்கும் முயலலாம். ஆபீசர் வழிதான் நிச்சயமில்லாதது. டிகிரி வரை படிக்கக் காசு வேண்டும், ஆங்கிலம் வேண்டும், அதற்குப் பிறகும் தேர்வு வாரியம் திருப்பி அனுப்பலாம். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம் வைத்திருந்த என் அப்பா என்னைச் சிப்பாய் ஆள்சேர்ப்புக்கு அனுப்பியது அந்தக் காலத்துக்குச் சரியான முடிவு.

2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் இந்தக் கணக்கு தலைகீழானது. இப்போது சிப்பாயாகச் சேர்பவர் அக்னிவீர். பதவிக்காலம் நான்கு ஆண்டு. அது முடிந்ததும் அதிகபட்சம் 25 சதவீதம் பேரை மட்டுமே நிரந்தரப் பணிக்கு எடுப்பார்கள். மற்றவர்கள் வீடு திரும்ப வேண்டியதுதான், பென்ஷனும் கிராஜுவிட்டியும் கிடையாது. முதல் ஆண்டு மாதம் 30,000 ரூபாய். அதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம் போக, கைக்கு வருவது 21,000. நான்காம் ஆண்டில் சம்பளம் 40,000, கைக்கு 28,000. பிடித்த தொகைக்குச் சமமாக அரசும் போட்டு, வட்டியோடு சேர்த்து முடிவில் ஏறத்தாழ 11.71 லட்சம் கிடைக்கும் என்பது அறிவிப்பில் சொன்ன கணக்கு. “உள்ளே போனால் போதும், வாழ்க்கை செட்டில்” என்று இன்னமும் சொல்லும் மாமாக்கள் 2022க்கு முன்னால் இருந்த ராணுவத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அவர்கள் அன்போடுதான் சொல்கிறார்கள். கேட்கும் பையனுக்குத்தான் இருபத்திரண்டு வயதில் மறுபடியும் வேலை தேட நேரும்.

அதனால் இப்போது நான் சொல்லும் வரிசை இது: வயதும் படிப்பும் இடம் கொடுத்தால் ஆபீசர் வாசலை முதலில் தட்டிப் பாருங்கள். அதற்காக அக்னிவீரை விட்டுவிட வேண்டியதில்லை. இரண்டுக்கும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கலாம், உடற்பயிற்சியும் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஆபீசர் வாசல் ஒன்றல்ல, பல. பிளஸ் டூ முடித்தவுடன் என்டிஏ, அதாவது தேசியப் பாதுகாப்பு அகாடமி. வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. யுபிஎஸ்சி ஆண்டுக்கு இரண்டு முறை நடத்துகிறது. எழுத்துத் தேர்வில் கணிதம் 300 மதிப்பெண், பொதுத்திறன் 600. கணிதப் பாடம் நம் மேல்நிலைப் பாடத்துக்கு வெளியே அதிகம் போகாது. நம் பிள்ளைகளை மடக்குவது மொழி. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். தமிழ் வழியில் படித்த கெட்டிக்காரப் பையன் கணக்கைப் போட்டுவிடுவான், கேள்வியைப் படிப்பதில் நேரத்தை விடுவான். அதனால் என்டிஏவைக் குறிவைப்பவர் பத்தாம் வகுப்பு முடித்த விடுமுறையிலிருந்தே கணிதக் கேள்விகளை ஆங்கிலத்தில் படித்துப் பழக வேண்டும். இன்னொன்றையும் பெற்றோருக்குச் சொல்ல வேண்டும்: புனே அருகே கடக்வாஸ்லாவில் உள்ள அந்த அகாடமியில் மூன்று ஆண்டு, பிறகு டேராடூனில் உள்ள ஐஎம்ஏவில் (இந்தியன் மிலிட்டரி அகாடமி) ஓராண்டு. படிப்புச் செலவும் சாப்பாட்டுச் செலவும் அரசுடையவை, ஆனால் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை அந்தக் கடைசி ஆண்டில்தான். மகன் நாளைக்கே பணம் அனுப்ப வேண்டிய வீட்டுக்கு இது பொருந்தாது.

டிகிரி முடித்தவர்களுக்கு சிடிஎஸ் என்ற யுபிஎஸ்சி தேர்வு. நம் ஊர்க்காரர்கள் அதிகம் கவனிக்காத ஒரு சங்கதி இதில் இருக்கிறது. சென்னை பரங்கிமலையில் உள்ள ஆபீசர்ஸ் டிரெய்னிங் அகாடமிக்குப் போக விரும்புவோர் கணிதத் தாள் எழுத வேண்டியதில்லை; ஆங்கிலமும் பொது அறிவும் போதும். பயிற்சி 49 வாரம், முதல் மாதத்திலிருந்தே உதவித்தொகை. கல்லூரியில் என்சிசி ‘சி’ சான்றிதழ் வாங்கி, டிகிரியில் 50 சதவீதம் எடுத்தவருக்கு எழுத்துத் தேர்வே இல்லாத தனி நுழைவு உண்டு. விண்ணப்பம் சல்லடையில் தேறினால் நேராக எஸ்எஸ்பி, அதாவது ஆபீசர்களைத் தேர்ந்தெடுக்கும் வாரியத்தின் நேர்முகத் தேர்வு. கலை அறிவியல் கல்லூரியில் சேரும் பிள்ளைகளிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதைத்தான்: முதல் ஆண்டிலேயே என்சிசியில் சேருங்கள். மூன்றாம் ஆண்டில் நினைவு வந்து பிரயோசனம் இல்லை.

பரங்கிமலை வழியாகப் போவது ஷார்ட் சர்வீஸ் கமிஷன் என்பதை மறைக்கக் கூடாது. பத்து ஆண்டு, விரும்பினால் மேலும் நான்கு. நிரந்தரப் பணிக்குத் தேர்வாகாவிட்டால் முப்பத்தைந்து வயதை ஒட்டி வெளியே வர வேண்டும், பென்ஷன் இல்லாமல். ஆக, ‘குறுகிய காலம்’ என்ற கத்தி இன்று இரண்டு வாசலிலும் தொங்குகிறது. பத்து ஆண்டு அதிகாரியாக இருந்து கையில் சேமிப்போடு வெளியே வருவதும், நான்கு ஆண்டில் பன்னிரண்டு லட்சத்துக்குள் ஒரு தொகையோடு வெளியே வருவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

உயரம் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டிலிருந்து பொதுப் பணி அக்னிவீராகச் சேர 166 சென்டிமீட்டர் வேண்டும். தரைப்படை ஆபீசருக்கு ஆண்களுக்கான குறைந்தபட்ச உயரம் 157. ஆள்சேர்ப்பு முகாமில் அளவுகோலுக்கு அடியில் நின்று ஒரு விரற்கடை குறைவதால் அழுதுகொண்டே வெளியேறும் பையன்களைப் பார்த்திருக்கிறேன். பட்டாளக் கனவே முடிந்தது என்று வீட்டுக்குப் போகிறார்கள். ஆபீசர் வாசல் அவர்களுக்குத் திறந்தேதான் இருக்கிறது. அதைச் சொல்ல அந்த மைதானத்தில் யாரும் இல்லை.

இதுவரை சொன்னது விதிகள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சிப்பாயும் ஆபீசரும் ஒரே வேலையின் கீழ்ப்படி மேல்படி அல்ல. இரண்டும் வேறு வேறு வேலைகள்.

ஜவானாக இருந்தபோது என் உலகம் என் ரைபிள், என் செக்‌ஷனில் இருந்த பத்துப் பேர், எனக்குக் கொடுத்த வேலை. அதைப் பழுதில்லாமல் செய்துவிட்டால் இரவு தூக்கம் வரும். குளிர் உண்டு, சுமை உண்டு, வீட்டு நினைப்பு உண்டு. ஆனால் ஜவானின் கவலைக்கு ஓர் எல்லை இருக்கிறது. பாரக்கில் கிடைத்த நட்பு போல எனக்குப் பிறகு எங்கும் கிடைக்கவில்லை. இதை ஆபீசர் மெஸ்ஸில் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆபீசரானபின் என்னை முதலில் திணறடித்தது விடுப்புப் பதிவேடு. மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் நான்கு மொழிக்காரர்களும் கலந்திருப்பார்கள். ஜனவரி வந்தால் தமிழனுக்குப் பொங்கல், தெலுங்கனுக்கும் கன்னடனுக்கும் சங்கராந்தி, மூன்றும் ஒரே தேதி. மலையாளத்துப் பிள்ளைகள் பெருந்தன்மையாக விட்டுக்கொடுப்பார்கள், ஓணத்துக்கு வட்டியோடு திருப்பிக் கேட்பார்கள். மலைமேல் இருக்கும் போஸ்ட்டில் குறைந்தபட்சம் இத்தனை பேர் என்ற எண்ணிக்கை மட்டும் எந்தப் பண்டிகைக்கும் அசையாது. ஒரு முறை ஒரே ஒரு இடம் மிச்சம். நாயக் பதவியில் இருந்த தேனிப் பக்கத்துக்காரர் ஒருவருக்குத் தங்கை கல்யாணம். ஸ்ரீகாகுளத்துச் சிப்பாய்க்கு அப்பாவுக்கு ஆபரேஷன். தங்கை கல்யாணத்துக்கு அண்ணன் போகாமல் இருக்க முடியாது, ஆபரேஷனுக்கு மூத்த மகன் போகாமல் இருக்க முடியாது. பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கம்பெனியின் சீனியர் ஜேசிஓ (சிப்பாயிலிருந்து ஏறி வந்த இளநிலை அதிகாரி), சுபேதார் சாஹிப், தேநீர்க் கோப்பையோடு உள்ளே வந்தார். “நாயக் மனத்தில் வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பான். அந்தச் சிப்பாய் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை சாப்” என்றார். சிப்பாய்க்குக் கையெழுத்துப் போட்டேன். நாயக்கைக் கூப்பிட்டு நானே நேரில் சொன்னேன். அவர் “டீக் ஹை சாப்” என்றார். அதற்குப் பிறகு அந்தப் பருவம் முழுவதும் அவர் என்னோடு வேலைக்குத் தேவையான சொற்களை மட்டுமே பேசினார்.

அந்தச் சிப்பாய் சாப்பிடவில்லை என்பது சுபேதாருக்குத் தெரிந்தது, இருபத்திரண்டு ஆண்டு சேவையில் வந்த கண். அதைக் கேட்டு முடிவெடுத்து, வருத்தத்தைத் தானே வாங்கிக்கொள்வது ஆபீசர் வேலை. அதோடு ஜவானின் நிலத்தகராறுக்காக அவர் ஊர்க் கலெக்டருக்குக் கடிதம் எழுதுவது, விசாரணைக் குழுவில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவது, ரோந்துக்கு யாரை அனுப்புவது என்று இரவில் பெயர்களைக் குறிப்பது. சினிமாவில் காட்டும் ஆபீசர் ஓடிக்கொண்டே சுடுவார். நிஜத்தில் எழுதுகோல் பிடிக்கும் நேரம் அதிகம். அந்தச் சுபேதார் இடத்தில் இருக்கத்தான் உங்களுக்கு ஆசை என்றால் சிப்பாயாகப் போவது குறைவான தேர்வே அல்ல. ஆனால் நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார் என்று ஏறி அந்த இடத்துக்கு வர இருபது ஆண்டுக்கு மேல் ஆகும். இன்றைய விதியில் அதற்கு முதலில் அந்த 25 சதவீதத்துக்குள் வர வேண்டும்.

இப்போது, என்னைக் காட்டிச் சொல்லும் அந்த மூன்றாவது வழி. உள்ளே போய் ஆபீசர் ஆவது. வழி உண்மையிலேயே இருக்கிறது. 1960இல் தொடங்கிய ஆர்மி கேடட் காலேஜ் இதற்காகவே இருப்பது; 1977 முதல் டேராடூனில் இயங்குகிறது. பிளஸ் டூ படிப்பும், குறைந்தது இரண்டு ஆண்டு சேவையும், இருபதிலிருந்து இருபத்தேழுக்குள் வயதும் வேண்டும். எழுத்துத் தேர்வு, பிறகு வெளியிலிருந்து வருபவர்களுக்கு நடப்பதைப் போன்ற எஸ்எஸ்பி, மூன்று ஆண்டு பட்டப்படிப்பு, ஓராண்டு ஐஎம்ஏ. காகிதத்தில் எளிது. நடைமுறையில், காலையில் உடற்பயிற்சி, பகலில் வேலை, இரவில் காவல் முறை என்று ஓடும் யூனிட்டில் படிக்க நேரம் தேடுவது பெரிய பாடு. நான் படித்தது பெரும்பாலும் லங்கர் என்கிற சமையற்கூடத்துக்குப் பின்னால் இருந்த ஸ்டோரில், அரிசி மூட்டைகளுக்கு நடுவே. கமாண்டிங் ஆபீசர் நல்லவராக வாய்த்ததால் தேர்வுக்கு முன் என்னை வேறு இடத்துக்கு அனுப்பாமல் வைத்திருந்தார். எல்லோருக்கும் அப்படி வாய்க்காது. ஆபீசர் ஆனபோது என்டிஏ வழியாக வந்தவர்களைவிட எனக்கு ஐந்து வயது அதிகம். மேல்பதவிகளுக்குப் போகும்போது அந்த ஐந்து வயது உதைக்கும். அக்னிவீராக இருந்தால் நான்கு ஆண்டுக் கடிகாரமும் சேர்ந்து ஓடும். இந்த வழியை மாற்றுத் திட்டமாக வைத்துக்கொள்ளலாம். இதை நம்பியே டிகிரியை விட்டுவிட்டுப் போவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

எஸ்எஸ்பி எந்த வழியில் போனாலும் வரும், அதைப் பற்றித்தான் அதிகப் பயமும் அதிகக் கட்டுக்கதையும். ஐந்து நாள். முதல் நாள் ஒரு மங்கலான படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்லி, அதைக் குழுவில் பேசவைத்துப் பலரை அன்றே அனுப்பிவிடுவார்கள். மறுநாள் உளவியல் தேர்வு: அறுபது சொற்கள், ஒவ்வொன்றுக்கும் பதினைந்து வினாடிக்குள் ஒரு வாக்கியம். பிறகு மைதானம். பலகை, கயிறு, மரக்கட்டை கொடுத்துத் தடைகளைக் கடக்கச் சொல்வார்கள். சிவப்பு வண்ணம் பூசிய இடத்தைத் தொடக் கூடாது. ஜவான்களாகிய நாங்கள் அங்கே போய்ச் செய்தது என்ன தெரியுமா? சுமை தூக்கிப் பழகிய உடம்பு, பலகையை ஆளுக்கொரு பக்கம் பிடுங்கினோம். ஒல்லியாக ஒரு கிளார்க் பையன் மட்டும் பின்னால் நின்று, “கடைசியாக வருபவன் கயிற்றை எப்படி எடுத்து வருவான்?” என்று கேட்டான். எல்லோரும் நின்றோம். அவன் தேர்வானான். தேடுவது அந்தக் கேள்வியைத்தான். பெரிய ஆங்கிலத்தை யாரும் தேடவில்லை. சிறு வாக்கியங்களில் தடுமாறாமல் சொல்ல வந்தால் போதும். தினமும் ஒரு செய்தியைப் படித்து அதை இரண்டு நிமிடம் வாய்விட்டு ஆங்கிலத்தில் சொல்லிப் பழகுங்கள், நண்பன் முன்னால், கண்ணாடி முன்னால் அல்ல. மனப்பாடக் கதைகளை விற்கும் கோச்சிங் சென்டர்களில் பணத்தைக் கட்டாதீர்கள். அவர்கள் கொடுத்த ‘வீரக் கதை’யையே ஒரே அறையில் நான்கு பேர் எழுதியதைக் கண்டிருக்கிறேன். “ஆள் வைத்து உள்ளே தள்ளிவிடுகிறேன்” என்று லட்சங்களில் பேசுபவர்களைப் பற்றி ஒரே வரி: அவர்களிடம் அப்படி ஓர் ஆள் கிடையாது.

பெண் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி வேறு மாதிரி. தரைப்படையில் பெண் அக்னிவீர்களை மிலிட்டரி போலீஸ் பிரிவில் மட்டுமே எடுக்கிறார்கள். இடங்கள் மிகக் குறைவு. ஆபீசர் பக்கம்தான் அவர்களுக்கு வாசல் அகலம். பரங்கிமலையில் 1992 முதல் பெண்கள் பயிற்சி பெறுகிறார்கள். 2020இல் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு நிரந்தர ஆபீசர் பணிக்கு (நிரந்தரக் கமிஷன்) வழிவிட்டது. 2022இல் என்டிஏவிலும் பெண்கள் சேர்ந்தார்கள், அந்த முதல் அணி 2025 மே மாதம் பயிற்சியை முடித்து வெளியே வந்தது. “பெண்ணை முதலில் சிப்பாயாக அனுப்பிப் பார்க்கலாம்” என்று யாராவது சொன்னால் அவருக்கு நிலவரம் தெரியவில்லை என்று அர்த்தம்.

அப்படியானால் அக்னிவீராக யார் போகலாம்? வீட்டுக்கு இந்த ஆண்டே வருமானம் வேண்டும் என்கிற பையன். மூன்று ஆண்டு கல்லூரியில் உட்காரப் பிடிக்காது, உடம்பு உழைக்கத் தயார் என்கிறவன். போலீஸிலோ மத்தியப் படைகளிலோ பிறகு சேரும் எண்ணம் உள்ளவன். மத்திய ஆயுதப் படைகளில் முன்னாள் அக்னிவீர்களுக்கு ஒதுக்கீடு அறிவித்திருக்கிறார்கள். தேர்வைத் தமிழிலேயே எழுத முடிகிறது என்பது கூடுதல் வசதி. போவதென்றால் நிறைவோடு போகட்டும், ஆனால் திட்டத்தோடு. சேவையில் இருந்தபடியே இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகப் பட்டத்துக்குப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பட்டத்துக்கு வேண்டிய கிரெடிட்டில் பாதி பயிற்சிக்கே கணக்கில் வருகிறது. அந்தப் பட்டம் இருந்தால், சின்ன வயதிலேயே சேர்ந்தவருக்கு வெளியே வந்தபின் சிடிஎஸ் எழுதவும் வயது மிச்சம் இருக்கும். சேவா நிதி வந்த மாதமே புல்லட் வாங்குவதும் வீட்டுக்கு மாடி எடுப்பதும் வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வைக்கலாம்.

மரியாதை குறைந்துபோகும் என்று சிப்பாய் வேலையைத் தவிர்ப்பவர்களும் வருகிறார்கள். ஆபீசரான புதிதில் ஜம்மு டிரான்சிட் கேம்ப்பில், வெலிங்டனில் என்னை மண்ணில் உருட்டிய பயிற்சி உஸ்தாத்தைப் பார்த்தேன். இன்னும் ஹவில்தார்தான். என் தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடித்தார். அதே மூச்சில், “சாப், பெரே தொப்பி சாய்ந்திருக்கிறது, பேட்ஜ் இடது கண்ணுக்கு மேலே வர வேண்டும்” என்றார். சரிசெய்துகொண்டேன். அவர் திருப்தியாகும்வரை நகரவில்லை.

கடைசியாகச் சில்லறை விஷயங்கள், பலரைக் கவிழ்ப்பவை இவைதாம். மருத்துவப் பரிசோதனைக்கு முன்பே காதில் அழுக்கெடுத்து, பல்லைச் சரிசெய்துவிடுங்கள். பச்சை குத்துவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். முழங்கையின் உட்புறத்திலிருந்து மணிக்கட்டு வரையிலும் புறங்கையிலும் தவிர வேறு இடத்தில் நிரந்தரப் பச்சையை ஏற்பதில்லை. எல்லாவற்றையும்விடத் தொல்லை நம் இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் ‘எஸ். முருகன்’, ஆதாரில் ‘முருகன் செல்வம்’, சாதிச் சான்றில் ‘செல்வம் முருகன்’ என்று இருக்கும். வடக்கே உட்கார்ந்து சரிபார்ப்பவருக்கு இது மூன்று ஆள். அப்பா பெயரின் எழுத்தும் பிறந்த தேதியும் எல்லா ஆவணத்திலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்க வேண்டும். விண்ணப்ப இணையதளம் திறந்தபிறகு இ-சேவை மையத்தில் நின்று தவிப்பதைவிட, இந்த மாதமே போய்த் திருத்திக்கொள்ளுங்கள்.